மூன்றாம் ஓலை

சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோதுதான் என் மகள் லவினா சொன்னாள். நேற்று டிரினிட்டி சிக்னலில், அவளுக்கு நிச்சயித்திருக்கும் க்ளென் அவள் போனைப் பிடுங்கி காருக்கு வெளியே வீசிவிட்டானாம். ஆபீஸிலிருந்து யாரோ சஞ்சய் கூப்பிட்டானாம், அதற்கு. அவள் வலது கையில் மட்டும் ஒரு டஜன் கண்ணாடி வளையல். அதற்கடியில் நாலு விரல் தடம் கன்றியிருந்தது.

பார்த்துவிட்டும் என்ன சொன்னேன் தெரியுமா?

"கொஞ்சம் முசுடுடி அவன். மனசுல ஒண்ணும் இருக்காது."

க்ளெனைப் பற்றி விசாரிக்கப் போனபோது அவன் கீழ்வீட்டுக்காரம்மா சொன்ன வார்த்தை அது. இந்தக் காலத்தில் யார் முசுடு என்கிறார்கள் என்று அன்று சிரித்துவிட்டு வந்தவள் நான். சிரித்த வாய்க்கு அதுவே இன்று கைகொடுத்தது.

"முசுடுன்னா என்னம்மா?"

"சிடுசிடுன்னு விழுவாங்கல்ல... உங்கப்பா மாதிரி."

லவினா என் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது உடைந்தது, கோணலாகச் சேர்ந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னேன். ஊரெல்லாம் அதையே சொன்னேன். அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"நேரமாச்சு, என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" வாசலிலிருந்து என் கணவர் டொமினிக் கத்தினார்.

அல்சூரில் எங்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். இரண்டு வாரம் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று மூன்றாவது, கடைசி. எதிர் வரிசையில் க்ளென் இஸ்திரி கலையாத சட்டையில், அம்மா பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தான்.

பூசை முடியும் நேரத்தில் ரெமிஜியஸ் சாமியார் இரண்டு பெயரையும் வாசித்தார். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்" என்று முடித்தார். பூசை முடிந்தபின் தனியாகப் போய்ச் சொல்வதுதான் வழக்கம். அதுவரை எனக்குத் தைரியம் தாங்காது என்று தெரியும். எழுந்து நின்றேன்.

"சாமி, எனக்குத் தெரியும்."

"உக்காருடி." டொமினிக் பல்லைக் கடித்துக்கொண்டு என் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பழைய வலி தோள்வரை ஏறியது. கோவிலே திரும்பிப் பார்த்தது. நான் உட்காரவில்லை.

பக்கத்தில் லவினா வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட ஆரம்பித்தாள்.