கணவாய்ப் பாட்டு

எங்கள் குறிஞ்சாக்கேணியில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் மூத்த மகள் றம்லாவுக்கு அப்படி அமையவில்லை. மாப்பிள்ளைக்குப் புல்மோட்டையில் வேலை; அவருடைய தாயும் அங்கேதான். 1976ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவளை அங்கே அனுப்பிவைத்தோம்.

போகும்போது ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஞாயிறு பின்னேரம் நாலரை மணிக்கு வானொலியில் நேயர்கள் கேட்கும் பாட்டுப் போடுவார்கள். கேட்டவர் பெயரையும், யாருக்காகக் கேட்டார் என்பதையும் வாசிப்பார்கள். நான் தபால் அட்டை போடுவது, அவள் அங்கேயிருந்து கேட்பது. கடிதம் போய்ச் சேர நாலு நாள் செல்லும். இது இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் கேட்கும்.

ஏப்ரலில் இரண்டு தடவை எங்கள் பெயர் வந்தது. மே மாதம் தொடக்கம் அந்த நிகழ்ச்சியில் புதுப் பாட்டு மட்டும்தான் என்று அறிவித்தார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. என் கலியாணத்துக்கு முன் வந்த பாட்டுகளையே கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து ஞாயிறு பெயரில்லாமல் போயிற்று.

ஆறாவது கிழமை றம்லாவின் கடிதம் வந்தது. “வாப்பா, ஞாயிறு நாலரைக்கு நான் அடுப்பில் ஒன்றும் வைப்பதில்லை. ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். உங்கள் பெயர் வரவில்லை. சுகமில்லையா? எனக்கு இங்கே மனம்விட்டுக் கதைக்க ஒருவரும் இல்லை.”

என் மனைவி சித்தி பரீதா கடிதத்தை மடித்து என் முன்னே வைத்தாள்.

“புதுப் பாட்டுக் கேட்டா உங்கட காது என்ன அழுகியா போகும்?”

“அதெல்லாம் பாட்டா? தகரத்தப் போட்டுத் தட்டுறானுகள்.”

“தட்டட்டுமே. புள்ளைக்கு உங்கட பேரு கேக்கும்தானே!”

இளைய மகள் அசனாவைக் கூப்பிட்டு, அவளுடைய ராத்தா றம்லாவுக்கு எந்தப் புதுப் பாட்டு விருப்பம் என்று கேட்டேன். அவளுக்குப் பதினைந்து வயது.

“இப்ப ஒண்டு போகுது, வாப்பா. ஒவ்வொரு நாளும் பகல் போடுவாங்க. வந்தோடன சொல்றன்.”

மறுநாள் பகல் கதிரையை ரேடியோவுக்கு அருகே இழுத்துப் போட்டு, தாளும் பேனையுமாக இருந்தேன். மேளமும் கிற்றாரும் முந்திக்கொண்டு வந்தன. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முதல் வரி பிடிபட்டது. எனக்கு மனம் சற்று இளகிற்று. நான் கரையில் கணவாயும் இறாலும் வாங்கி நகரத்துக்கு அனுப்புகிறவன். எங்கள் தொழிலைப் பற்றியும் ஒருவன் பாட்டெழுதியிருக்கிறானே! ஒருவரிடமும் காட்டாமல், தெளிவான எழுத்தில் அட்டையில் எழுதிப் போட்டேன்: ‘கணவாய் மிதந்து கரை வந்தாய்.’

இரண்டாவது ஞாயிறு அறிவிப்பாளர் வாசித்தார்.

“குறிஞ்சாக்கேணி கலீலுர் றஹ்மான், புல்மோட்டையில் இருக்கும் மகள் றம்லாவுக்காக விரும்பிக் கேட்கிறார். ஐயா, பாட்டிலே காதலி கனவாய்த்தான் மிதந்து வருகிறாள். நீங்கள் கணவாய் என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, கறி வைத்தால் எங்களையும் கூப்பிடுங்கள்.”

அசனா சிரித்துச் சிரித்துப் பாயில் விழுந்தாள். அவளுடைய உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் துறையடியில், என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் மீனவன் தாஹிர் தோணியிலிருந்தே சத்தம் போட்டான்:

“காக்கா, இண்டைக்குக் கனவு ஒரு றாத்தல் என்ன விலை?”

ஊர்ச் சிரிப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மாமியார் வீட்டில் என் பிள்ளை தலைகுனிந்திருப்பாளோ என்பதே யோசனை. வியாழக்கிழமை வரை தபால்காரனைப் பார்த்தபடி இருந்தேன். கடிதம் வெள்ளிக்கிழமைதான் வந்தது.

“வாப்பா, உங்கள் பெயரைக் கேட்டு அழ வந்தது. பிறகு கணவாய் என்றதும் வீடு அதிரச் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா வேலிக்கு மேலால் எட்டி, என்ன என்று கேட்டா. எங்கட வாப்பாதான் என்றேன். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்து, மஃரிபுத் தொழுகை வரை கதைத்துவிட்டுப் போனா. அடுத்த ஞாயிறும் வருவாவாம். மாமியும் அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டு திரிகிறா. ஆனால் ஒன்று, வாப்பா. அந்தப் பாட்டு எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. அது அசனாவின் பாட்டு.”

அசனாவைக் கூப்பிட்டேன்.

“என்ன புள்ள இது?”

“ராத்தாவுக்குப் பேருதானே வேணும், வாப்பா. பாட்டு எனக்கு இருக்கட்டுமே எண்டு…”

ஏசத்தான் வாயெடுத்தேன். சிரிப்பு முந்திவிட்டது.

அன்றே றம்லாவுக்கு எழுதினேன்: உனக்கு விருப்பமான பாட்டுகளைப் படத்தின் பெயரோடு, முதல் வரியைப் பிழையில்லாமல் எழுதி அனுப்பு. ஏழு பாட்டு அனுப்பியிருந்தாள். இதுவரை நாலை ரேடியோவில் கேட்டுப் பார்த்துவிட்டேன். முதல் மூன்றையும் எனக்குச் சகிக்க ஏலாது. நாலாவதில், நடுவிலே ஒரு புல்லாங்குழல் வருகிறது. அதைத்தான் இந்த ஞாயிற்றுக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன்.