புகைபோக்கிக்குக் கீழே ஒரு நாற்காலி

நிலநடுக்கச் சேதத்தை மதிப்பிடும் அலுவலகத்து டீடெரிக் மறுபடியும் ஆஃப்கேயின் வீட்டுக்கு வந்தபோது, அன்று அவள் மகள் யான்டினாவுக்குப் பிறந்தநாள். நெதர்லாந்தில் க்ரோனிங்கன் பக்கத்தில் பிறந்தநாள் வீட்டுக்குள் கால் வைத்தவர் யாரானாலும், வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி, காப்பி குடித்துவிட்டுத்தான் தப்ப முடியும். ஆஃப்கே அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். சரியாகப் புகைபோக்கிக்குக் கீழே.

மண்ணுக்கடியிலிருந்து எரிவாயுவை உறிஞ்சி எடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் அவ்வப்போது குலுங்கும். ஒரு குலுக்கலில் அந்தச் செங்கல் புகைபோக்கி வாய் பிளந்துவிட்டது. மாடியில் அது யான்டினாவின் கட்டிலை ஒட்டித்தான் மேலே போகிறது. பழமையான வீடு என்பதால் அலுவலகம் ஒப்புக்கொள்ளாமல் ஒரு செங்கல்லைக்கூட உருவ முடியாது. பெண் இரண்டு வருடமாக அடுப்படியில் மெத்தை போட்டுப் படுக்கிறாள். டீடெரிக் வருவார், சுவரிலிருக்கும் அதிர்வுமானியைத் தட்டிப் பார்ப்பார், நிலநடுக்கமே இல்லை என்பதுபோல் "கிழங்கு லாரி" என்று சொல்லிவிட்டுப் போவார். அத்தனை படிப்பும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவருக்கு உதவியது.

இன்று கேக்கை மென்றுகொண்டே பாடம் எடுத்தார். "நிலநடுக்கம்னா ரெண்டு அலைங்க. முதல்ல வர்றது வேகமானது. 'டம்'னு காதுல விழும், அவ்வளவுதான். பின்னாடியே மெதுவா ஒண்ணு வரும். பக்கவாட்டுல உலுக்கி செவுத்த உடைக்கிறது அதுதான். உங்களுக்கு வர்றது வெறும் லாரி அதிர்வு."

"அட, எங்களுக்கு இது தெரியாமப் போச்சே!" என்றாள் பக்கத்து வீட்டு கேஷே. "நாங்க இங்க குடியிருக்க மட்டுந்தானே செய்யறோம்."

"அப்போ புகைபோக்கி உறுதியா இருக்குங்கறீங்க?" என்றாள் ஆஃப்கே.

"பாறை மாதிரி." அவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் அவர் நாற்காலி புகைபோக்கியை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாய் காப்பிக்கும் கொஞ்சம். ஆஃப்கே அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன ஜென்மம் இது என்று நினைத்தாள்.

"அங்க காத்து அடிக்குதா சார்?" என்று கேட்டான் அவள் கணவன் ஹார்ம்.

அப்போதுதான் வெளியே 'டம்' என்றது. வட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. கேஷே பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். டீடெரிக் மட்டும் தட்டைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய், நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். டையெல்லாம் க்ரீம். படித்தவர் அல்லவா, இரண்டாவது அலைக்காகக் காத்திருந்தார்.

அது வரவில்லை.

"கொட்டகைக் கதவு சார்," என்றான் ஹார்ம். "காத்துல அடிச்சுக்கும்."

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆஃப்கே சிரிக்கவில்லை. சிரிக்கும் அளவுக்குக்கூட அவரை அவள் மதிக்கவில்லை. எழுந்து போய் அதிர்வுமானியைப் பார்த்தாள்.

"கதவுக்கு அசையாத மெஷின் நீங்க பாய்ஞ்சதுக்கு அசைஞ்சிருக்கு. இதையும் லாரின்னு எழுதிக்குவீங்களா?"

அவர் முகம் சிவந்தது. திரும்பி வந்தார், ஆனால் உட்காரவில்லை. அந்த நாற்காலியின் பக்கமே போகவில்லை.

யான்டினா கேக் தட்டோடு அவர் எதிரில் போய் நின்றாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. "பாறை மாதிரி இருக்குன்னீங்களே. அப்போ இன்னைக்கு நான் என் ரூம்ல படுக்கலாமா?"

சிரிப்பு நின்றது. டீடெரிக் நாற்காலியைப் பார்த்தார். அதற்கு மேலே பார்த்தார். வந்த இத்தனை முறையில் அன்றுதான் முதல்முறையாக அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"வேண்டாம்மா," என்றார், வாய்க்குள்ளேயே.

"காதுல விழலை," என்றாள் ஆஃப்கே.

"அங்க படுக்க வேண்டாம்."

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை ஆஃப்கேயே உருவி அவர் கையில் திணித்தாள்.

"அதையே உங்க அறிக்கையில எழுதுங்க. எழுதிட்டு வாங்க, இன்னொரு துண்டு கேக் தர்றேன்."