கண்ணாடி மணிக்குள் வெயில்

பேனாவை எடுக்கக் கையை நீட்டியபோது என் கையின் நிழல் டயோடின் மேல் விழுந்தது. மீட்டரின் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. கையை எடுத்தேன், ஏறியது. மறுபடி மறைத்தேன், இறங்கியது.

அது அறுபத்தேழாம் வருஷம். மராட்டியப் பக்கம் போபோடியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கம்பெனி. அரிசி மணி அளவு கண்ணாடிக்குள் ஒரு சிலிக்கன் துணுக்கை வைத்து மூடுவோம். மின்சாரத்தை ஒரு பக்கம் விடும், எதிர்ப்பக்கம் விடாது. டயோடு என்றால் அவ்வளவுதான். ஆனால் திசையைத் திடீரென்று மாற்றினால், சாதாரண டயோடுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உள்ளே தங்கிய மிச்சம் வடிகிறவரை கதவு திறந்தே கிடக்கும். கணக்குப் போடும் இயந்திரங்களுக்கு அந்தத் தாமதம் ஆகாது. அதனால் சிலிக்கனில் துளித் தங்கம் கலந்து வரும். தங்கம் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கினால் நாலே பங்கில் கதவு சாத்திக்கொள்ளும். “கழுத்துல கெடக்க வேண்டியத கண்ணாடிக்குள்ள போட்டு மூடுதோம்” என்பாள் ரஹ்மத்துன்னிசா.

தீயில் கண்ணாடியை உருக்கி மூடுவது அவள் வேலை. மேலப்பாளையத்துக்காரி. புருஷன் போன பிறகு இரண்டு பெண் குழந்தைகளை அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தாள். அவள் மூடியதை என் மேஜை மேல் உள்ள பெட்டியில் வைத்துச் சோதிப்பது நான். முதலில் வேகம், பிறகு சாத்திய கதவில் கசிவு உண்டா என்று. தேறியவற்றுக்குத்தான் கறுப்புப் பெயிண்ட் பூசுவார்கள்.

இரண்டு வாரமாக மதியத்துக்கு மேல் பாதிக்குப் பாதி கசிந்தன. மூடியது சரியில்லை என்று முடிவு கட்டி, நாளை முதல் வர வேண்டாம் என்று ரஹ்மத்திடம் காலையில்தான் சொல்லியிருந்தார்கள். அவள் குனிந்து வேலையைப் பார்த்தாள்.

கசிந்தது அவள் கண்ணாடி அல்ல, என் வெயில். பெயிண்ட் பூசாத கண்ணாடிக்குள் வெளிச்சம் போனால் சிலிக்கன் தானாகவே மின்சாரம் விடும். இரண்டு வாரத்துக்கு முன் மூலையில் கிடந்த என் மேஜையை மேற்கு ஜன்னலோரம் இழுத்துப் போட்டவள் நான். ஏன் என்று கேட்டால் காற்றுக்கு என்பேன். உண்மையில், மூன்று மணி ஷிப்டுக்குச் சைக்கிளில் போகும் சுந்தரராமனைப் பார்க்கத்தான். அவருக்கு நான் இருப்பதே தெரியாது. கடைசிவரை தெரியவும் இல்லை, விடுங்கள்.

தெரிந்த பிறகும் அரை மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

ரஹ்மத் கிளம்புவதற்காக வேலைக் கோட்டைக் கழற்றி மடித்தபோதுதான் எழுந்தேன். சூப்பர்வைசர் சேவியரைக் கூப்பிட்டு, கையால் மறைத்தும் எடுத்தும் காட்டினேன். தூத்துக்குடிக்காரர் முள்ளையே பார்த்தார்.

“மேசய யாரு நவட்டுனா?”

“நான்தான் சார்.”

“எதுக்கும்மா?”

பதினோரு பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். காற்றுக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. “ரோட்ல ஒருத்தர் போவார். அவரைப் பார்க்க” என்றேன். தமிழ் தெரியாத மராட்டிப் பெண்களுக்கும் என் முகத்திலேயே அது புரிந்துவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சேவியர் அந்தக் கோட்டை எடுத்து ரஹ்மத்தின் ஸ்டூலில் வைத்துவிட்டு, முதலாளியின் அறைக்குப் போனார்.

மறுநாள் நான் மேஜையை மூலைக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது ரஹ்மத் வந்தாள். கையில் கறுப்புத் துணியில் தைத்த ஒரு உறை. பழைய புர்காவை வெட்டியிருந்தாள். இரவெல்லாம் கையால் தைத்திருக்க வேண்டும்.

“மேச இருக்க எடத்துலயே இருக்கட்டும், பட்டு. பெட்டிக்கு இதப் போடு. அதுக்குத்தான் இருட்டு வேணும், ஒனக்கில்ல.”

“அக்கா, எனக்கு நேத்து முன்னாடியே தெரியும். நான் உடனே…”

“தெரியும் பிள்ள. நீ கையால மறச்சுப் பாத்தத நானும் பாத்தேன்.”

சோதனைப் பெட்டியின் மேல் உறையைப் போட்டு, நான்கு ஓரத்தையும் வெயில் புகாதபடி விரலால் அழுத்திவிட்டாள். தீயில் பழகிக் காய்த்த விரல்கள். தைத்தபோது ஊசி குத்திய சிவப்புப் புள்ளிகள் அவற்றின் நுனியில் இருந்தன.