கடைசி வரியில் ஒரு பெயர்

க்ரிஷ் மைக்கை அம்மாவின் உயரத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தான். சான் ஹோசேயின் அந்த ஃபியூனரல் ஹோமில் ஏசி எலும்பு வரை குத்தியது. பெட்டிக்குள் அப்பா சுந்தரராமன் கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார், இன்னும் ஒரு லெக்சர் பாக்கி இருப்பதுபோல.

"லாஸ்ட் டூ லைன்ஸ் மட்டும் படிம்மா. அப்பாவோட ட்ரான்ஸ்லேஷன். அப்புறம் நான் பட்டனை அழுத்திடறேன்."

அப்பாவோட ட்ரான்ஸ்லேஷன். அனந்தலக்ஷ்மிக்கு அழுகை வரவில்லை, வயிறு எரிந்தது.

பாரசீகத்தில் எழுதிய பழைய பலூச்சிஸ்தான் கவிஞர் ஒருவர்தான் சுந்தரராமனுக்கு உயிர். தமிழ்ச் சங்க மேடைகளில் முழங்குவார்: "நம்ம கவிஞர் ஊர்ல வெறும் மொட்டை மலை. ரோஜா ஏது, புல்புல் பறவை ஏது? எல்லாம் பாரசீகக் கவிதைலேர்ந்து வாங்கின கடன். ஆனா கடைசி வரில வர பேரு மட்டும் சொந்தப் பேரு. பாடினவன் தன் பேரை அங்க வெக்கணும். அதான் கஜலோட சட்டம்!"

கைதட்டல் கூரையைப் பிய்க்கும். உபதேசம் எல்லாம் ஊருக்குத்தான்.

வீட்டில் அவர் சொல்லுக்குச் சொல் அர்த்தம் சொல்வார். கல்லும் நெல்லுமாக வந்து விழும். அதைப் புடைத்துப் பாட்டாக்கியவள் அவள்தான், ஒரு கையில் கரண்டியோடு. புத்தகம் வந்தபோது அட்டையில் அவர் பெயர். உள்ளே ஒவ்வொரு பாட்டின் கடைசி வரியிலும் பலூச்சிக்காரரின் பெயரை எடுத்துவிட்டு அங்கேயும் தன் பெயரையே வைத்திருந்தார்.

"கவிஞர் பேரை எடுத்துட்டேளே?"

"தமிழ்ல பாடினவா பேருன்னா வரணும்."

"அப்போ என் பேருன்னா வரணும்?"

அவர் சிரித்தார். "உன் பேரு நீளம்டி. ஓசை உதைக்கும்."

அன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே இரண்டு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் ஒரே நீளம்தான்.

இன்று காலை புடவைக்கு மடிப்பு எடுக்கும்போதே முடிவு செய்துவிட்டாள், ஒரே ஒரு தடவை சொல்லிவிடுவது என்று. சபையில், அவர் எதிரிலேயே. இனி அவர் சிரிக்க முடியாது.

மைக்கைப் பிடித்தாள்.

"மொட்டை மலையில் பூக்காத ரோஜாவைப் பாடிய குரல்
யாருடையது என்று கேட்டால் சொல்லுங்கள்: அனந்தலக்ஷ்மி."

முன்வரிசையிலிருந்த பக்கத்து வீட்டுச் சாந்தாமணி ஆன்ட்டி விம்மினாள்.

"பாத்தேளா! ஆத்துக்காரர் பேரை வாயால சொல்லக்கூடாதுன்னு தன் பேரைச் சொல்றா. அமெரிக்கா வந்து இத்தனை வருஷமாச்சு, இன்னும் அப்படியே இருக்கா. இந்தக் காலத்துல யார் இருக்கா இப்படி?"

நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இல்லை," என்றாள் அனந்தலக்ஷ்மி. "அது நான்..."

க்ரிஷ் அவள் தோளை அணைத்து, மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டான். "ஸாரி, அம்மா இஸ் வெரி ட்ரெடிஷனல். கடைசி வேர்ட், சுந்தரராமன்."

எல்லோரும் எழுந்து கைகூப்பினார்கள்.

பெட்டி உள்ளே நகர்ந்து கதவு மூடியது. சுவரில் இருந்த தகன அடுப்பின் பச்சைப் பட்டனை ஊழியர் காட்டினார். க்ரிஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினான்.

அங்கே ஏற்கெனவே அம்மாவின் விரல் இருந்தது.