சிப்காட்டில் கரையைக் கடந்த புயல்

இந்தியாவைத் தாக்கிய புயல்களிலேயே மிகக் கொடியது சென்ற டிசம்பரில் ஓசூர் சிப்காட்டில், கியர் தண்டு செய்யும் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் ஷெட்டுக்கு நேர் மேலே கரையைக் கடந்தது. கடல் அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதோ, வானிலை மையம் அந்தப் புயலை முந்தின நாளே ‘வலுவிழந்தது’ என்று கைகழுவியிருந்ததோ ஒரு பொருட்டில்லை. பிளாண்ட் ஹெட் பிரேம்குமாரின் ஸ்லைடில் அப்படித்தான் இருந்தது. ஸ்லைடில் ஏறிவிட்ட எதையும் அந்தத் தொழிற்சாலையில் யாரும் இறக்கியதில்லை.

ஸ்லைடில் மூன்று வரிசைகள். 1993 ஜனவரியில் வட அட்லாண்டிக்கைக் கலக்கிய குளிர்காலப் புயல், காற்றழுத்தம் 914 மில்லிபார். 1999இல் ஒடிசாவைப் புரட்டிப்போட்ட சூப்பர் புயல், 912. மூன்றாவது வரிசை சிவப்பில், ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில்: ஓசூர், 907.4. எண் குறையக் குறையப் புயலுக்கு மூர்க்கம் அதிகம் என்பதால் பள்ளிப்பிள்ளைக்கும் புரியும், முதல் பரிசு யாருக்கென்று. பசிபிக்கில் 870 என்று ஒரு பதிவு உண்டு. முதல் வரைவில் அதுவும் இருந்தது. ‘நம்ம ரீஜன் கிடையாது’ என்று பிரேம்குமார் எடுக்கச் சொல்லிவிட்டார். அட்லாண்டிக் எந்த வகையில் நம்ம ரீஜன் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பட்டியலுக்குப் பக்கத்தில் மழைக்கோட்டு அணிந்த பிரேம்குமார் அழுத்தமானியைச் சுட்டிக்காட்டி நிற்கும் படம். புயலன்று அவர் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் காருக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். படம் ஒரு வாரம் கழித்து எடுத்தது, ஏசி போட்ட அளவீட்டு ஆய்வகத்துக்குள்.

எண் வந்ததும் அந்த ஆய்வகத்திலிருந்துதான். எஸ்லின் அங்கே ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். தலைமுடியைவிடச் சன்னமான வித்தியாசங்களைத் தண்டுகளில் கண்டுபிடிப்பது அவள் வேலை. அதற்காகத் தினமும் காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் அறையின் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும். புயலன்று மாலை 907.4 என்று எழுதி மூடியைப் பேனாவில் செருகும்போதுதான் பக்கத்து ஷெட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பதினோரு கூரைத் தகடுகள். ஒன்று பறந்துபோய் பஸ் நிறுத்தும் இடத்தில், கம்பெனி பஸ்ஸின்மேல் போர்த்தியதுபோல் படுத்துக்கொண்டது. பேக் செய்து வைத்திருந்த தண்டுகள் அத்தனையும் நனைந்து, மூன்றாம் நாள் துருவேறி நின்றன. அவற்றை எதிர்பார்த்திருந்த பெங்களூரு கம்பெனியில் இரண்டு நாள் உற்பத்தி லைன் நின்றது. காரணம் கேட்டு அவர்களுடைய ஆடிட்டர் வியாழக்கிழமை வருவதாக மெயில் வந்தது. ஸ்லைடு பிறந்தது அதற்குப் பிறகு.

புதன்கிழமை பிரேம்குமார் எஸ்லினைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 907.4 என்பது இந்தியாவில் பதிவான மிகக் குறைந்த அழுத்தம், எனவே கூரை போனது மனித சக்திக்கு அப்பாற்பட்டது என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. கீழே அவள் பெயர், கையெழுத்துக்குக் கோடு.

ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர் மேலே இருக்கிறது, மேலே போகப் போகக் காற்றின் கனம் குறையும், இங்கே நல்ல நாளிலேயே 913தான் காட்டும், வானிலைக்காரர்கள் உயரத்தைக் கழித்துக் கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்துதான் ஊரோடு ஊரை ஒப்பிடுவார்கள் என்று எஸ்லின் பொறுமையாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் தலையாட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

“இந்தக் கணக்குல பாத்தா ஊட்டியில ஒருத்தரும் உயிரோட இருக்க முடியாது சார்,” என்றாள்.

“நீ டெக்னிக்கலா பேசற எஸ்லின். நான் ரிப்போர்ட் பத்திப் பேசறேன்.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “புயல்தான் காரணம்னா யார் மேலயும் தப்பு இல்ல. புயல் இல்லன்னா மெயின்டனன்ஸ். மெயின்டனன்ஸ்னா தீர்த்தகிரி. கான்ட்ராக்ட் ஆளு, நாளைக்கே கேட்டுக்கு வெளியில நிப்பான். யோசிச்சுச் சொல்லும்மா.”

இதுதான் எஸ்லினைக் குடைந்தது. வெறும் பொய் என்றால் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். இந்தப் பொய்யோ ஒரு மனிதனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. தீர்த்தகிரிக்கு ஊத்தங்கரைப் பக்கம் வீடு. பதினாலு வருடமாக அந்தக் கூரைக்குக் கீழே நட்டு முடுக்குகிறவர். புயலன்று ஏரி நிரம்பி வழிந்து அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டையும், மகள் யுவஸ்ரீயின் பத்தாம் வகுப்புப் புத்தகங்களும் போயின. ஊத்தங்கரை தாழ்ந்த ஊர் என்பதால் அங்கே அழுத்தமானி வைத்திருந்தால் தாராளமாக 960க்கு மேல் காட்டியிருக்கும். பிரேம்குமாரின் ஸ்லைடுப்படி அங்கே அன்றைக்குத் தென்றல்.

கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த தீர்த்தகிரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்கவில்லை. போட்டுவிடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டால் தேவலை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அவர் கையில் இருந்த உருண்டையை வாயில் போட்டு, மென்று, முழுங்கினார்.

“கூரை போல்ட் எல்லாம் துரு, மாத்தணும்னு ரிப்பேர் நோட்டுல மூணு வாட்டி எழுதனன். ஜூலையில ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணு, தீபாவளி முடிஞ்சி ஒண்ணு. மூணுக்கும் ‘நோட்டட்’னு சீலு குத்தனாங்க. போல்ட்டு வர்ல, சீலு மட்டும் கரெக்டா வந்துது.”

“அத வச்சே உங்கள மாட்டிவிடுவாரு தீர்த்தகிரிண்ணா. எழுதனவன் ஏன் ஏறி மாத்தலன்னு கேப்பாரு.”

“கேக்கட்டும். எத மாத்தறது, என் பல்லையா?” அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “ஏம்மா எஸ்லினு, என் வூட்ட முழுக்கடிச்ச புயலு. அது வந்து என் வேலயக் காப்பாத்தணுமா? ஒண்ணும் வேணாம். நீ போடாத. நான் எழுதனது மூணு வரி. அத ஒரு ஆளு சத்தமாப் படிச்சாப் போதும்.”

வியாழக்கிழமை கான்ஃபரன்ஸ் ஹாலில் ஆடிட்டர் சரிதா வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, கொடுத்த பாதாம் பாலைத் தொடவில்லை. பிரேம்குமார் எழுந்து, வங்காள விரிகுடாவில் தொடங்கி, மனித குலத்தின் சிறுமையைத் தொட்டு, இயற்கைக்கு முன்னால் இந்தத் தொழிற்சாலைக் குடும்பம் நிமிர்ந்து நின்ற விதத்துக்கு வந்தார். ஸ்லைடு விழுந்தது. சிவப்பு எழுத்தில் 907.4.

“ஒந்து நிமிஷ,” என்று கன்னடத்தில் நிறுத்தினார் சரிதா. “இது யாரு ரீடிங்?”

“என்னுது மேடம்,” என்று எஸ்லின் எழுந்தாள். கையெழுத்து இல்லாத தாளை வைக்காமல், பதிவேட்டைச் சரிதாவின் முன்னால் வைத்தாள். “ரீடிங் நெசம் மேடம். ஆனா இது ஓசூர் உயரத்துக்கு வர்ற ரீடிங். சாதனை இல்ல. ஜூன் பதினெட்டாம் தேதியப் பாருங்க.”

சரிதா விரலை நக்கிப் பக்கம் புரட்டினார். ஜூன் பதினெட்டு, மாலை நான்கு மணி: 906.8. குறிப்புப் பகுதியில் ‘நல்ல வெயில்’ என்று எஸ்லினின் உருண்டை எழுத்து. அது தொழிற்சாலையின் பாதுகாப்பு வாரம். அந்த மாலை நேரத்தில் பிரேம்குமார் புல்வெளியில் நின்று உறுதிமொழி வாசித்துக்கொண்டிருந்தார். ஒடிசாவை மிஞ்சிய சூறாவளிக்கு நடுவே அவர் தலைமுடி ஒன்றுகூடக் கலையவில்லை.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பிரேம்குமார் ஸ்லைடை அணைத்துவிட்டு, மிகுந்த வருத்தத்தோடு, அப்படியானால் இது மெயின்டனன்ஸில் ஒரு தனி நபரின் அலட்சியம் என்றுதான் கொள்ளவேண்டியிருக்கும் என்றார். தனி நபர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். கூப்பிடாமலே உள்ளே வந்து, கிரீஸ் கறை படிந்த நோட்டை விரித்து மேசையில் வைத்தார்.

“தமிழ் படிக்க வராது எனக்கு,” என்றார் சரிதா. “நீங்களே ஓதி.”

தீர்த்தகிரி படித்தார். ஜூலை, செப்டம்பர், தீபாவளிக்கு அடுத்த வாரம். மூன்று வரிதான். பிரேம்குமார் பேசிய நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் ‘நோட்டட்’ என்ற சீலையும் சேர்த்தே படித்தார், அதுவும் யாரோ சொன்ன வாக்கு என்பதுபோல. சரிதா மூன்று முறையும் எழுதிக்கொண்டார். நோட்டைத் திருப்பித் தரவில்லை, தன் கைப்பைக்குக் கீழே வைத்துக்கொண்டார். தீர்த்தகிரி வெளியே போகச் சொல்லப்படும்வரை போகிற எண்ணமில்லாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஹாலில் அவர் உட்கார்வது அதுதான் முதல்முறை.

“ரீடிங் எல்லாம் ரிப்போர்ட்ல போகும்,” என்று சரிதா எழுந்தார். “அந்த மீட்டரையும் ஒரு தடவை பார்த்திடலாமா?”

ஆய்வகத்துக்கு நாற்பது அடி நடக்கவேண்டும். பாதி தூரத்தில்தான் எஸ்லினுக்கு அதன் பின்பக்கச் சீட்டு நினைவு வந்தது. பின்னால் பிரேம்குமாரின் ஷூ சத்தம் நெருங்கி வந்தது. ஒரு நிமிடம் முன்னால் ஓடிப்போனால், இன்னொரு மீட்டரை அந்த இடத்தில் வைத்துவிட முடியும். அவள் நடையை மாற்றவில்லை. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, அழுத்தமானியை அலமாரியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்து, பின்பக்கம் தெரியும்படி தானே திருப்பி மேசைமேல் வைத்தாள். 

பின்னால் ஒட்டியிருந்த சீட்டில், மீட்டரின் அளவு சரிதானா என்று சோதிக்க அனுப்பவேண்டிய கடைசித் தேதி மார்ச் பன்னிரண்டு என்று இருந்தது, அது கடந்து ஒன்பது மாதம். அனுப்பவேண்டியவர் என்ற இடத்தில் எஸ்லின் என்று எழுதியிருந்தது.