காக்கைச் சதுப்பின் கடைசிச் செடி

ஊருக்கு நல்லது செய்யப் புறப்பட்டவன் அதோடு நின்றிருக்க வேண்டும். கூடவே ஒரு செடியின்மேல் உயிரை வைத்திருக்கக் கூடாது. ஆம்புரோஸ் டின்ஸ்லி இரண்டையும் செய்தார், பட்டார்.

இங்கிலாந்தில் ஹாதர்பெக் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர், நகரசபை உறுப்பினர். கீழத்தெருவில் பிள்ளைகள் டைபாய்டில் செத்துக்கொண்டிருந்தபோது, கழிவு கிணற்றில் கலப்பதுதான் காரணம் என்று ஆறு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவர் அவர்தான். கடைசியில் சபை இறங்கிவந்தது. குழாய் போட்டுக் கழிவை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடலாம் என்றார்கள். எங்கே? சபைக்குச் சொந்தமான காக்கைச் சதுப்பில்.

இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு ஜூலையிலும் டின்ஸ்லி மண்டியிட்டுப் பார்த்துவந்த ஆர்க்கிட் என்ற பூச்செடி அங்கேதான் இருந்தது. பாசிக்கு நடுவே விரல் நீளம்கூட வராத செடி. பூவும் பச்சை, மிதித்தால்கூடத் தெரியாது. அந்த மாவட்டத்தில் வேறெங்கும் அது கிடையாது. பிள்ளையில்லாத அந்த மனுஷருக்கு அது என்னவாக இருந்தது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சதுப்பு வேண்டாம், ஆற்றோரத்து மேய்ச்சல் நிலத்துக்குக் குழாயைத் திருப்புங்கள் என்று சபையில் எழுந்து கேட்டார். அந்த நிலம் மேயர் பாட்டர்ஸ்பியுடையது. பாட்டர்ஸ்பி நூற்பாலை முதலாளி. வாய் பெரிது, மனசு கெட்டதல்ல. புல்லா பூவா என்றே தெரியாத ஒன்றுக்காகத் தன் மாடுகள் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டுச் சபையையே சிரிக்க வைத்தார். பிறகு, கேட்டவர் டின்ஸ்லி என்பதற்காகக் கொஞ்சம் இளகினார்.

"உங்க செடி ஆராய்ச்சி ஆளுங்கள்ல பெரியவங்க யாராச்சும் லண்டன்லேருந்து இது அபூர்வம்னு எழுதிக் குடுக்கட்டும், மிஸ்டர் டின்ஸ்லி. அந்தச் செடி அங்க இருக்கிற வரைக்கும் சதுப்பைத் தொட மாட்டோம். என் நிலத்தையே எடுத்துக்குங்க."

அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. டின்ஸ்லி அன்றைக்கே செடியைப் படமாக வரைந்து லண்டனில் ஒரு தாவர நிபுணருக்கு அனுப்பினார். படம் செல்லாது, வேரும் பூவுமாக முழுச் செடியை அனுப்பவும் என்று பதில் வந்தது. டின்ஸ்லிக்குக் கோபம் வரவில்லை. வேரில்லாத செடி சாட்சியில்லாத வழக்கு என்று ஊரின் இயற்கைச் சங்கத்தில் வருஷம் முழுக்கப் பாடம் நடத்துகிறவரே அவர்தானே.

செடி வைக்கும் தகரப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவி ஹெஸ்டரோடு சதுப்புக்குப் போனார். போய்ப் பார்த்தால், பாசியில் பொட்டுப் பொட்டாகக் குழிகள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் சங்கத்தார் அங்கே உலா வந்திருந்தார்கள். பாதிரியார், பள்ளிக்கூட டீச்சர், நெசவாலைக்காரர்கள் என்று முப்பது பேர். உலர்த்தித் தன் ஏட்டில் ஒட்ட ஒன்று, வெளியூர்ச் சங்கத்தோடு மாற்றிக்கொள்ள இன்னொன்று என்று ஆளுக்கு இரண்டு பறிப்பது அவர்கள் வழக்கம். இடத்தைக் காட்டியது டின்ஸ்லியின் விரல். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அவர் வாய்தான். பாவி மனுஷன், எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு," என்றாள் ஹெஸ்டர். "விட்டுடுங்களேன்."

"அனுப்பலைன்னா நம்ப மாட்டாங்க. பாசிக்கு அடியில சின்னதும் பொடிசுமா இருக்கும், ஹெஸ்டர். அடுத்த வாரம் தலைநீட்டும்."

"நீட்டலைன்னா?"

அவர் கத்தியை இறக்கிக் கிழங்கோடு எடுத்தார். வேர் அறுபடாமல் வந்தது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட.

அதன் பிறகு தினமும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுச் சதுப்பில் முழங்கால் நனையத் தவழ்ந்தார். ஒன்றும் தலைநீட்டவில்லை.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு முதல் நாள் லண்டன் கடிதம் வந்தது. சந்தேகமே இல்லை, அபூர்வத்திலும் அபூர்வம், கண்ணைப்போல் காக்கவும் என்று எழுதியிருந்தது. சபையில் அதைப் படித்து முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டர்ஸ்பி மரியாதையாகவே கேட்டார்.

"சொன்ன சொல் சொன்னதுதான். இப்போ அங்க எத்தனை இருக்கு?"

ஒரு பொய் போதும். பத்து என்றிருந்தால் யார் போய் எண்ணப்போகிறார்கள்? ஆனால் கண்ணால் பார்க்காத செடியை அவர் ஒருநாளும் ஏட்டில் எழுதினவரில்லை. நாக்கு புரளவில்லை.

"இல்லை."

"ஒண்ணுகூடவா?"

"இருந்ததை லண்டனுக்கு அனுப்பிட்டேன்."

யாரோ மேஜையில் தட்டிச் சிரிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டர்ஸ்பி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து காகிதத்தைப் பார்த்தபடி, சதுப்புத் தீர்மானத்தை வாக்குக்கு விட்டார்.

அந்த வாரம் கீழத்தெருவில் ஒரே வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளைப் புதைத்திருந்தார்கள். மருந்து கலந்து கொடுத்தது டின்ஸ்லிதான். இப்போது எதிர்த்தால் விவகாரம் இன்னொரு வருஷம் இழுக்கும். எதிர்ப்பதற்கு அவரிடம் காரணமும் மிச்சமில்லை. அதைத் தன் கையாலேயே தோண்டி எடுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து நனைந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஹெஸ்டர் தேநீரை வைத்துவிட்டு, யாரெல்லாம் சதுப்புக்குக் கை தூக்கினார்கள் என்று கேட்டாள்.

"எல்லாரும்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான், ஹெஸ்டர்," என்றார்.