சத்யப்ரியாவின் கண்ணும் சோணைமுத்துவின் முகாமும்

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிவக்குமார் நடத்தும் ஃப்ளெக்ஸ் கடையில் சத்யப்ரியா டிசைனராக இருந்தாள். ஊரில் யாருக்குக் காதுகுத்து, யாருக்குக் கல்யாணம், யார் செத்தார், செத்தவருக்கு வருந்துகிற சாக்கில் யார் தன் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டார் என்பதெல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும். கறுத்தவரைச் சிவப்பாக்குவாள். வழுக்கைக்கு முடி வைப்பாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அவளுக்குப் பதிமூன்று வயதிலிருந்து வலிப்பு உண்டு. இப்போது இருபத்தேழு. இந்தப் பதினாலு வருஷமும் அந்த விஷயம் வீட்டு வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டவள் அவளுடைய அம்மா அன்னக்கொடி. மாத்திரைகள் சத்துமாவு டப்பாவுக்குள் இருக்கும். யாராவது பார்த்துவிட்டுக் கேட்டால், "சத்து மாத்திரை" என்பாள். அந்தக் கணக்குப்படி அந்தத் தாலுகாவிலேயே அதிகம் சத்து ஏறிய பெண் சத்யாதான்.

மூணு மாசத்துக்கு ஒருமுறை மதுரைக்கு நரம்பு டாக்டரிடம் போவார்கள். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, ஏதோ வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவர்கள் மாதிரி. அங்கே காத்திருக்கும் கூடத்தில் தெரிந்த முகம் தென்பட்டால் இரண்டு தரப்பும் சுவரைப் பார்த்துக்கொள்ளும். அது அங்கே எல்லாரும் அனுசரிக்கிற மரியாதை.

போன மாதம் போனபோது அன்னக்கொடி டாக்டரிடம் ஒரு கோரிக்கை வைத்தாள்.

"சார், இந்த மாத்திரையில உடம்பு போடுது. பரவையில இருந்து ஒரு வரன் வந்துருக்கு. பையன் வீட்டுல ஒல்லியாக் கேக்குறாங்க."

டாக்டர் ஒரு பெருமூச்சோடு வேறு மாத்திரை எழுதினார். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதை ஏற்றச் சொன்னார். "இன்னொரு விஷயம்மா, இதுல சில பேருக்குக் கண்ணு..." என்று அவர் ஆரம்பித்தபோது அன்னக்கொடி கதவிடுக்கு வழியாகக் கூடத்தில் தங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டாள். சீட்டைப் பிடுங்கினாள், மகளின் கையைப் பிடித்தாள், பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள். டாக்டரின் மிச்ச வாக்கியம் அவரிடமே தங்கிப்போனது.

புது மாத்திரை தொடங்கிய பதினெட்டாம் நாள் சத்யாவுக்குக் கண் வலித்தது. முதலில் நெற்றிக்குள் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி. பிறகு இரண்டு கண்ணும் சிவந்து கனத்தன. தூரத்தில் வருகிற பஸ்ஸின் பலகையைப் படிக்க முடியவில்லை. டியூப் லைட்டைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரிந்தது. மானிட்டரில் மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தால்தான் எழுத்து பிடிபட்டது.

"கம்ப்யூட்டர்மா, எல்லாம் கம்ப்யூட்டர்" என்றார் சிவக்குமார். "இம்புட்டு நேரம் பாத்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?" அப்படி வருத்தப்பட்ட கையோடு இன்னும் மூன்று ஆர்டரைக் கொடுத்துவிட்டு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

டீக்கடைக்காரர் உடம்புச் சூடு என்றார். அன்னக்கொடி திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். மருந்துக் கடைக்காரர் என்ன ஏது என்று கேட்காமலே ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார். எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

அந்த மூன்று ஆர்டரில் ஒன்று சோணைமுத்துவுடையது. அரிசி ஆலை வைத்திருப்பவர். வரப்போகும் தேர்தலில் எப்படியாவது நின்றுவிட வேண்டும் என்று இருப்பவர். எந்தக் கட்சியில் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் மக்களிடம் நல்ல பேர் வாங்க, ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் ஏற்பாடு செய்திருந்தார். இருபதுக்குப் பத்து அடியில் பேனர் வேண்டும்.

கடையின் கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் தயார் அச்சு இருக்கும். படத்தையும் பேரையும் மாற்றினால் போதும். சத்யா 'கண்' என்று தட்டினாள். 'கண் முகாம்' என்று ஒன்று வந்தது. அதற்குக் கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒன்று வந்தது. கலங்கிய கண்ணுக்கு இரண்டும் ஒரே புகையாகத்தான் தெரிந்தன. கீழே இருந்ததைத் திறந்துவிட்டாள்.

தலைப்பைச் சரியாகத்தான் மாற்றினாள். படத்தையும் சரியாகத்தான் வைத்தாள். தேதிக்கென்று இருந்த இடத்தில் தேதியைப் போட்டாள். வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது சோணைமுத்துவின் ஆட்கள் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணன் படம் பெருசா இருக்கா?" இருந்தது. கட்டைவிரல் வந்தது. பேனர் மெஷினுக்குப் போனது.

சனிக்கிழமை காலை உசிலம்பட்டி ரோட்டு முக்கில் ஊரே நின்று அண்ணாந்து பார்த்தது. கறுப்புப் பின்னணி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் மாலைக்குள் சோணைமுத்து சிரித்துக்கொண்டிருந்தார். மேலே 'மாபெரும் இலவச கண் சிகிச்சை முகாம்'. படத்துக்குக் கீழே, 'மறைவு: ஞாயிறு காலை 9 மணி. அனைவரும் வருக.'

சோணைமுத்து பல் விளக்கிக்கொண்டிருந்தபோது முதல் மாலை வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் இவரைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நாளைக்குத்தானாண்ணே?" என்று கேட்டார். எட்டு மணிக்கு மாமியார் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கினார். மருமகன் உயிரோடு வந்து கதவைத் திறந்ததைப் பார்த்தும் அவரால் உடனே அழுகையை நிறுத்த முடியவில்லை.

ஒன்பது மணிக்கு ஐந்து பேரோடு அவர் ஃப்ளெக்ஸ் கடையில் நின்றார்.

"எவன்டா டிசைன் பண்ணது?"

சிவக்குமார் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். சத்யா எழுந்து வந்தாள். "நாந்தாண்ணே. மன்னிச்சிருங்க. கண்ணு சரியாத் தெரியலண்ணே" என்று கண்ணீரோடு சொன்னாள். சொன்னது சோணைமுத்துவிடம் இல்லை. அவருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நின்ற இன்னொருவரிடம்.

கூட வந்தவர்களில் மூளை வேகமாக ஓடுகிற ஒருவர் இருந்தார்.

"அண்ணே, கோவப்படாதீங்க. இந்தப் பிள்ளைக்கு நெசமாவே கண்ணு தெரியல. நம்ம முகாம் இந்த ஊருக்கு எம்புட்டு அவசியம்ங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா? முதல் பேஷண்ட் இந்தப் பிள்ளைதான். மேடையில ஏத்துறோம்."

சோணைமுத்துவின் முகத்தில் கோபம் மெல்ல இறங்கி, தொண்டு ஏறியது. "வாம்மா. நாளைக்கு வந்துரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அன்னக்கொடியோடு அவள் மண்டபத்துக்குப் போனாள். வலியில் இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் ஒருமுறை வாந்தியும் எடுத்திருந்தாள். மேடை முப்பது அடிக்கு இருந்தது. கண் பார்க்கிற இடம், கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதில் மதுரைக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சபிஹா என்ற பெண் கருவிகளை எடுத்து வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். சோணைமுத்து அண்ணன் ரிப்பன் வெட்டாமல் யார் கண்ணையும் பார்க்கக் கூடாதாம். அதற்குள் இன்னொரு மேஜையில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பெட்டியிலிருந்து ஒரே பவர் கண்ணாடியை வழங்கி முடித்திருந்தார்கள். மண்டபம் முழுக்க ஆட்கள் தட்டுத் தடுமாறி நடந்தார்கள்.

பதினொரு மணிக்கு ரிப்பன் வெட்டப்பட்டது. சத்யாவை மேடையில் ஏற்றிப் போட்டோ எடுத்தார்கள். ஃப்ளாஷ் அடித்தபோது கண்ணுக்குள் ஊசி ஏறியது போல் இருந்தது. இறங்கியவள் நேராக வந்து சபிஹாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

சபிஹா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். அழுத்தம் பார்க்கிற கருவியை வைத்தாள். இன்னொரு கண்ணிலும் வைத்தாள். முகம் மாறியது.

"எத்தனை நாளா வலி?"

"நாலு நாளா."

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல" என்று அன்னக்கொடி முந்திக்கொண்டாள். "சத்து மாத்திரை மட்டும்."

"அம்மா, இந்த வயசுல ரெண்டு கண்ணுலயும் ஒரே நேரத்துல இம்புட்டு அழுத்தம் ஏறுதுன்னா சும்மா ஏறாது. நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் அடுத்து என்ன செய்யணும்னு பாக்கணும்."

அன்னக்கொடி மகளின் தொடையைக் கிள்ளினாள். சத்யா கிள்ளு விழுந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். "வலிப்புக்கு. புது மாத்திரை. மூணு வாரம் ஆகுது" என்றாள். பதினாலு வருஷத்தில் அந்த வார்த்தையை வெளியாள் ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு என்னமோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தாள். சபிஹா அட்டையைத் திருப்பிப் படித்தாள், அவ்வளவுதான் நடந்தது.

"இந்த மாத்திரையால சில பேருக்கு இப்படி ஆகும்க்கா. கொஞ்சப் பேருக்குத்தான். உடனே கவனிச்சா பெரும்பாலும் சரியாயிரும், விட்டா கண்ணுக்கு ஆபத்து. ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, வலிப்பு திரும்பிரும். உங்க டாக்டர் நம்பர் குடுங்க, நான் பேசுறேன். இப்பவே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."

'கண்ணுக்கு ஆபத்து' என்பது மட்டும்தான் அன்னக்கொடியின் காதில் விழுந்தது. பதினாலு வருஷம் கட்டிக் காத்த ரகசியத்தை அவளே எழுந்து நின்று அவிழ்த்தாள். "வலிப்பு மாத்திரை எம்மக கண்ணைத் தின்னுருச்சே! ஒல்லியாக்குறேன்னு நாந்தானே மாத்தச் சொன்னேன்!" அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

மைக்கை வைத்திருந்தவருக்கோ விஷயம் தேவைப்பட்டது. "வலிப்பு நோயால் வாடும் இந்த ஏழைத் தங்கைக்கு, இதோ, எனது சொந்தக் காரைத் தருகிறேன்!" என்று சோணைமுத்து நான்கு தெருவுக்குக் கேட்க அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. கார் கிளம்பக் கால் மணி நேரம் ஆனது. கார்க் கதவைத் திறந்துவிடுவது போல் அவர் மூன்று கோணத்தில் நிற்க வேண்டியிருந்தது. சபிஹாதான் நடுவில் புகுந்து, "சார், நகருங்க" என்று கதவைச் சாத்தினாள்.

டிரைவர் பேயாண்டி காரை விரட்டினார். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து போட்டார்கள். அழுத்தம் இறங்க ஊசி போட்டார்கள். கண் டாக்டரும் நரம்பு டாக்டரும் போனில் பேசி, அந்த மாத்திரையை அன்றே நிறுத்தி, பழையதை ஏற்றி, துணைக்கு வேறொன்று எழுதினார்கள். நரம்பு டாக்டர் அன்னக்கொடியிடம் பேசியபோது, அன்று விட்ட வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தார். இந்த முறை அவள் எங்கேயும் ஓடவில்லை.

மறுநாள் வலி குறைந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்தின் பேரைப் படித்தாள். அடுத்த வாரம் கண் டாக்டர் பார்த்துவிட்டு, "கண்ணாடிகூட வேணாம்" என்றார்.

அதற்குள் பரவையிலிருந்து போன் வந்துவிட்டது. ஜாதகத்தில் சின்னதாக ஒரு சிக்கலாம். பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று அவர்கள் ஜோசியரே எழுதிக் கொடுத்த ஜாதகம் அது. அன்னக்கொடி இரண்டு நாள் சாப்பிடவில்லை. சத்யா சாப்பிட்டாள். ஒல்லியாக இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டதில் அவளுக்குப் பரோட்டா கூடுதல் ருசியாகத் தெரிந்தது. ஆனாலும் ஒரு சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது காரணமில்லாமல் அழுதாள்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்து விசிட்டிங் கார்டு அடிக்க எம்புட்டு ஆகும் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போகவில்லை. சிவக்குமார் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த நரம்பு டாக்டர் பேரு என்னம்மா? எனக்கில்ல. என் பிரண்டு ஒருத்தருக்கு."

மறுநாள் ஒச்சாயி என்ற அம்மாள் காதுகுத்துப் பேனர் விசாரித்தாள். அவள் வீட்டில் காது குத்த வேண்டிய வயதில் யாரும் இல்லை. மருமகளுக்காக வந்திருந்தாள். அந்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது பேருக்கும் ஒரு பிரண்டு இருந்தார். இவ்வளவு கூட்டம் வந்தும் ஏன் ஆர்டர் ஏறவில்லை என்று சிவக்குமாருக்குப் புரியவில்லை. சத்யா பில்லின் பின்பக்கம் டாக்டர் பேரை எழுதிக் கொடுத்து, "அவரு பேசி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

பத்தாவதாக வந்தவர் பேயாண்டி.

"பிரண்டுக்காண்ணே?"

"இல்லத்தா, எனக்கே. ரெண்டு வருசமா இருக்கு. யாருக்கும் தெரியாது."

சத்யாவின் கை நின்றது. "அன்னைக்கு எங்களை எண்பது கிலோமீட்டர் வேகத்துல கொண்டு போனீங்களேண்ணே!"

"அன்னைக்கு மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன். அண்ணனும் கார்ல ஏறுனதும் தூங்கிருவாரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்குப் பின்னாடி தூங்குறவருக்குத் தெரியாது சரி. எதுத்தாப்ல வாரவங்களுக்கு? உங்க முதலாளிக்குப் போன் போடுங்கண்ணே. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"வேலை போயிரும்த்தா."

"போகட்டும். ஆலையில வேற வேலை கேப்போம். நானும் கூட வாரேன்."

பேயாண்டி வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போட்டார். சொன்னார். மறுமுனையில் சோணைமுத்துவின் குரல், முதல்முறையாக மேடைக் குரலாக இல்லாமல் வந்தது.

"ரெண்டு வருசமாவாடா? நான் குறட்டை விட்டுக்கிட்டுல்ல வந்தேன்... சரி. சாவியக் குடுத்துட்டு நாளைக்கு ஆலைக்கு வா. மூட்டைக்கு டோக்கன் போடுற வேலை இருக்கு. முதல்ல டாக்டரப் பாரு."

பேயாண்டி சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று சாயங்காலம் இருபது வருஷத்துக்குப் பிறகு டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். பாதி வழியில் சத்யாவுக்குப் போன் பண்ணி, ஜன்னல் சீட்டு கிடைத்ததாகச் சொன்னார்.